அம்மான்னு ஒரு பொத்தான்

எனக்கு எழுபத்திமூணு வயசுங்க. பெத்து வளர்த்தது அஞ்சு. கடைசிப் பையன் இப்ப இல்லை. போன மழைக்கு நெஞ்சுவலி வந்து, மலையிறங்கறதுக்குள்ள போயிட்டான்.

கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. மலை மேல மாரமங்கலத்து ஊட்டுலயே, சன்னலோரம் மேசை போட்டுப் பார்த்தான். சம்பள வேலை போகச் சொந்தமா ஒண்ணு செஞ்சான். இருபத்தஞ்சு நிமிசம் வேலை, அஞ்சு நிமிசம் ஓய்வுன்னு சொல்ற கடிகாரம். பிரவுசர்ல யார் வேணா திறந்து வெச்சுக்கலாமாம்.

"துண்டு துண்டாச் செஞ்சு கோத்திருக்குதுங்கம்மா. நிமிசம் மாறுனா அந்தத் துண்டு மட்டுந்தான் மாறும், மத்தது அசையாது"ன்னான். காயைத் தொடாம பழத்தை மட்டும் பறிக்கற மாதிரின்னு எனக்கு விளங்குச்சு. நாப்பது வருசம் காப்பி எஸ்டேட்ல பறிச்சவ நான். என் கூடையில ஒரு பச்சைக் காய் கெடக்காது.

ஒரு நாள் தலையில கை வெச்சு உக்காந்திருந்தான். "வேற பக்கத்தைத் திறந்தா இது மெதுவா ஓடுதுங்கம்மா."

"எஸ்டேட்ல வேலை வாங்கற ரைட்டர் அந்தப் பக்கம் போனா நாங்களும் அப்படித்தான்டா."

நொம்ப நேரம் சிரிச்சான். அப்புறம், வினாடி வினாடியா எண்ண விடாம, தொடங்குன நேரத்தைக் குறிச்சு வெச்சுக் கழிக்கற மாதிரி மாத்திட்டான்.

அந்தக் கடிகாரத்து மணிதான் எனக்குப் புடிக்கலை. நேரமானா டிங்குன்னு அடிக்கும், இவன் எந்திரிப்பான். பக்கத்தூட்டுக்காரங்க இருக்கறப்பவே கேட்டுட்டேன்: "எஸ்டேட் மணிக்கு நிமிர்ற பொழப்பு என்னோட போகட்டும்னுதானே சாமி உன்னைப் படிக்க வெச்சேன்?"

மறுநாள்ல இருந்து மணி அடிக்கலை.

அதுக்கப்புறம் அடிக்கடி சமையக்கட்டுக்கு வருவான். தண்ணி கேப்பான். கதவுல சாஞ்சு நிப்பான். "ஏஞ்சாமி, எத்தனை தண்ணி குடிப்பே? போய் வேலையப் பாரு"ன்னு திருப்பி அனுப்புவேன்.

அவன் போன பொறவு எனக்கு ஒரே நெனப்பு. மணிய நிறுத்துனது நாந்தான், அதான் எந்திரிக்காம உக்காந்தே கெடந்து போயிட்டானோன்னு. டாக்டர் அதனால இல்லைன்னாரு. மனசு கேக்கலை. யார்கிட்டயும் சொல்லவும் இல்லை.

போன வாரம் அவன் மக பரிட்சைக்குப் படிக்க அந்தக் கடிகாரத்தைத் திறந்தா. "உங்கப்பன் மணிய எங்கே கண்ணு புடுங்கி எறிஞ்சான்?"னு கேட்டேன்.

"எறியலைங்க அப்பாயி. இந்தப் பொத்தானுக்கு அம்மான்னு பேர் வெச்சிருக்காரு. அமுக்குனா சத்தம் வராது. நேரமானா திரை மட்டும் செகப்பாகும்."

எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஆமா, அம்மா. சத்தம் வேண்டாம்னு நெனைக்கறவங்க எங்கெங்கேயோ இருந்து என்னைத்தான் அமுக்கறாங்க.

அவ அமுக்கிட்டுப் படிச்சா. திரை காப்பிப் பழமாட்டம் செகந்துச்சு. எந்திரிச்சுத் தண்ணி குடிக்கச் சமையக்கட்டுக்குப் போனா.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவன் எந்திரிக்காம இல்லை. செகந்தப்பல்லாம் எந்திரிச்சான். அந்த அஞ்சு நிமிசத்தை எங்கிட்டதான் கொண்டாந்தான். நாந்தான் நிக்க விடலை.

இதையெல்லாம் நானே நோட்டுல எழுதி, பேத்தி கையில குடுத்தேன். எழுத்து கோணலா இருக்கும் கண்ணு. முதல்ல இருந்து ஒருக்கா படி, கேக்கறேன். அவன் தண்ணி கேக்கற எடம் வந்தா உடனே தாண்டாதே. அங்க கொஞ்ச நேரம் நில்லு.