சறோஜினிதேவியும் கொம்பனியின் குறைப் புத்தகமும்

நாற்பத்தாறு வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவள், பட்டப்பகலில் படலையடியில் கதிரை போட்டிருந்து படக்கதைப் புத்தகம் வாசித்தால் ஊர் என்ன சொல்லும்? புளியங்கூடல் சொன்னது எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. மரியாதையாகப் பேசியவர்கள், "பாவம், கடை எரிஞ்சதோடை மனுசிக்கு மூளையும் கருகிப் போச்சு" என்றார்கள். சறோஜினிதேவி அதற்கெல்லாம் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்துகிற ஆளில்லை. வாசிக்கிற பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, "என்ன, ஏதும் சொன்னனீங்களோ?" என்று கேட்பாள். அதற்குள் சொன்னவர் ஒழுங்கையைத் தாண்டியிருப்பார்.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது பதுளையில். அங்கே அவளுடைய கணவர் பரமலிங்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பருப்புக்கும் சீனிக்கும் சரை சுற்றப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வரும். அந்தக் கட்டுகளுக்குள் படக்கதைப் புத்தகங்களும் அகப்படும். சரை சுற்றுவது சறோஜினிதேவியின் வேலை. வாசிக்காமல் ஒரு தாளைக்கூட அவள் கிழித்ததில்லை. ஆனால் சில நாள் அவள் வாசித்து முடிக்க முன்னரே பரமலிங்கம் கடைசிப் பக்கத்தில் மிளகாய்த்தூளைக் கட்டிக் கொடுத்துவிடுவார். கதாநாயகன் பாம்புக் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருப்பான். அவன் தப்பினானா இல்லையா என்பது யாருடைய குசினியிலோ அடுப்பு மூட்டப் போயிருக்கும்.

"ஒரு மனுசன் உயிரோடை தொங்குறான். நீங்கள் அவனை மிளகாய்த்தூளோடை அனுப்பிப்போட்டியள்" என்று சண்டை பிடிப்பாள். சண்டை பிடித்துக் களைத்தபின் தானே ஒரு முடிவை யோசித்து, கொப்பித் தாளில் படமாகக் கீறி, அரிசிச் சாக்குத் தைக்கும் ஊசியால் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். அவளுடைய முடிவுகளில் ஒருவனும் கிணற்றுக்குள் செத்ததில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். அரிசியும் எரிந்தது, புத்தகங்களும் எரிந்தன, அவள் தைத்துவைத்த முடிவுகளும் எரிந்தன. உடுத்த துணியோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கி, சொந்த ஊரான புளியங்கூடலுக்கு விருந்தாளிகள் மாதிரி வந்து சேர்ந்தார்கள். பரமலிங்கம் தோட்டத்தில் இறங்கிப் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தார். சறோஜினிதேவிக்கு அழுகை வந்தபோது அழுதாள். பிறகு எழும்பினாள்.

குறிகட்டுவான் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த நாகமுத்து ஒரு நாள் காக்கிச் சட்டைப் பைக்குள் படக்கதை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்ததை அவள் கண்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

"தம்பி, உது படிச்சு முடிஞ்சுதோ?"

"ஓமக்கா. வேறை இல்லாததாலை திருப்பித் திருப்பி வாசிக்கிறன்."

"அப்ப ஒண்டு செய்யும். உம்மடை பஸ்ஸிலை ஏறுற ஆரிட்டை உப்பிடிப் புத்தகத்தைக் கண்டாலும், பூரணையண்டு எங்கடை வாசிகசாலை முத்தத்துக்கு வரச் சொல்லும். வெறுங்கையோடை வர வேண்டாமெண்டும் சொல்லும்."

முதல் பூரணைக்கு வந்தவர்களை ஒரு பாய் தாங்கியது. சித்திரை பிறப்பதற்குள் முற்றம் போதவில்லை. பதுளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் அடிபட்டு வந்த குடும்பங்கள், வேலணைப் பள்ளிக்கூடப் பெட்டைகள், விதானையாரின் பெண்சாதி, யாருக்கும் தெரியாமல் படக்கதை வாசித்துவந்த ஒரு கணக்கு வாத்தியார் என்று தீவுப்பகுதியின் பைத்தியங்கள் அத்தனை பேரும் வந்தார்கள். நெடுந்தீவிலிருந்து இன்னாசித்தம்பி விடிய முதல் வள்ளத்தில் புறப்பட்டு வருவார்.

அங்கே காசுக்கு வேலையில்லை. ஒன்று கொடுத்து ஒன்று எடுக்க வேண்டும். ஆனால் சறோஜினிதேவி ஒரு சட்டம் போட்டிருந்தாள்: குறைப் புத்தகத்தைக் குறையோடு கைமாற்றக் கூடாது. கடைசிப் பக்கத்தை ஆடு தின்றிருக்கும், மழை நனைத்திருக்கும். முழுவதையும் படித்தவர் எவராவது இருந்தால் எழும்பி நின்று மிச்சத்தைச் சொல்ல வேண்டும். ஒருவரும் இல்லையென்றால் முற்றமே கூடி முடிவு கட்டும். வில்லன் சாக வேண்டுமா திருந்த வேண்டுமா என்று ஒரு முறை வேலணையும் நாரந்தனையும் கைகலக்காத குறை. முடிவானதைக் கீறித் தைத்த பிறகுதான் புத்தகம் கைமாறும். கீறுவதில் இன்னாசித்தம்பி மன்னன். ஒரே ஒரு குறை, அவர் கண்ட குதிரை நெடுந்தீவின் கட்டைக் குதிரை. அமெரிக்கப் பாலைவனத்தில் துப்பாக்கியோடு பாய்கிற வீரனுக்கும் கால் நிலத்தில் முட்டும். ஒருவரும் குறை சொல்லவில்லை. குதிரை ஓடினால் போதாதா?

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் 'முத்தொளி' என்று ஒரு கொம்பனி முளைத்தது. படக்கதை விற்ற இரண்டு கடைகளை வாங்கியது, அச்சுக்கூடம் ஒன்றை வாங்கியது, தானே படக்கதை போடத் தொடங்கியது. இனி வாங்குகிற ஆட்கள் வேண்டும். அவர்கள் மாதா மாதம் ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்ற செய்தி கொம்பனிக்கு எட்டியது. பந்தி போட்டவள் ஒருத்தி, இலை விரித்துக் குந்தினவன் வேறொருத்தன்.

கொம்பனி மனேச்சர் இராசநாயகம் வெள்ளை வானில் வந்தார். சறோஜினிதேவியிடம் வரவில்லை, வாசிகசாலைத் தலைவர் வல்லிபுரத்தாரிடம் போனார். வாசிகசாலைக்குப் புது ஓடு போட்டுத் தருவதாகவும், கூட்டத்தை இனிமேல் கொம்பனி நடத்தும் என்றும் சொன்னார். வல்லிபுரத்தார் நல்ல மனிதர்தான். ஆனால் ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்து பேப்பர் வாசிக்கிறவருக்கு ஓடு என்றால் வாய் பிளக்கும். ஓமென்றுவிட்டார்.

"அண்ணை, என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?" என்று சறோஜினிதேவி அவருடைய படலையில் போய் நின்றாள்.

"என்ன பிள்ளை, உம்மைத்தான் முன்வரிசையிலை இருத்துகினமாம். மாலையும் போடுகினமாம்."

"எங்கடை வீட்டிலை எனக்கு மாலை போட இவை ஆர்?"

ஆவணிப் பூரணையன்று முற்றத்தை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. பாய்கள் இல்லை, கதிரை வரிசை. கொடி, ஒலிபெருக்கி, சோடா. வாசலில் கயிறு கட்டி ரிக்கற் கிழித்தார்கள். பழைய புத்தகம் உள்ளே வரக்கூடாதாம், கொம்பனிப் புத்தகம் மட்டும்தான் விற்கலாமாம். கயிற்றடியில் ஒருவன் ஒவ்வொருவருடைய பையையும் கொட்டிப் பார்த்து, பழையவற்றைச் சாக்கொன்றுக்குள் போட்டான். இன்னாசித்தம்பி கீறிய குதிரைகளும் சாக்குக்குள் போயின.

நாகமுத்துவுக்கு அடக்க முடியவில்லை. "பண்ணைப் பாலத்தடியிலை ஆமிக்காரன் நெடுக என்ரை பையைக் கொட்டுறான். அவனிட்டைத் துவக்கு இருக்கு. உம்மட்டை என்ன இருக்கு, ரிக்கற் புத்தகமோ?" என்று கேட்டான்.

சறோஜினிதேவி உள்ளே போனாள். போகாவிட்டால் என்ன நடக்கிறதென்று எப்படித் தெரியும்? மாலையை வாங்கி மடியில் வைத்தாள். கொம்பனியின் முதல் புத்தகத்தின் முதல் பிரதியை இராசநாயகம் அவள் கையில் கொடுத்தார். பிறகு மற்றவர்களுக்கு விற்றார்கள். வழவழவென்ற வர்ண அட்டை. ஒலிபெருக்கியில் பேச்சு நடக்க நடக்க அவள் பேசாமல் வாசித்தாள். நியாயமாகச் சொல்ல வேண்டும், நல்ல கதை. தீவொன்றில் அகப்பட்ட மாலுமி ஒருவன். அவனைச் சுற்றிக் கொள்ளைக்காரர். கப்பலுக்குத் தீ வைத்துவிட்டார்கள். அவன் பாய்மரத்தில் ஏறி நிற்கிறான். பக்கத்தைத் திருப்பினாள். அட்டை வந்துவிட்டது.

அச்சுக்கூடக்காரன் பக்கம் வைக்க மறந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். பாவம், முதல் புத்தகமல்லவா? எழும்பிப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"எல்லாரும் உங்கடை உங்கடை புத்தகத்தைப் பாருங்கோ. இதிலை கடைசிப் பக்கங்கள் இல்லை. தம்பியவை, வேறை ஒண்டு மாத்திக் குடுங்கோ."

இராசநாயகம் சிரித்தார். "குறை இல்லையக்கா. இது தொடர். ரெண்டாம் பாகம் அடுத்த பூரணைக்கு வரும். ஆக்கள் காத்திருக்க வேணுமெல்லோ."

அவளுக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. அவள் வாழ்க்கையில் எத்தனையோ பக்கங்கள் போயிருக்கின்றன. மிளகாய்த்தூளோடு போயின, ஆட்டின் வயிற்றுக்குள் போயின, பதுளையில் நெருப்போடு போயின. ஒரு கதையின் முடிவை வேண்டுமென்றே பிடுங்கிவைத்துக்கொண்டு, அதை வாங்க வா என்று கூப்பிடுகிறவனை அவள் இப்போதுதான் காண்கிறாள். உச்சியில் ஏறிய கோபம் இறங்கவில்லை.

"அப்ப தெரிஞ்சு கொண்டுதான் குறைப் புத்தகம் விக்கிறியள்" என்றாள். "குறைப் புத்தகத்துக்கு என்ன செய்யிறதெண்டு எங்களுக்குத் தெரியும்."

மாலையைக் கதிரையில் போட்டுவிட்டு, கயிற்றடியில் கிடந்த சாக்கை இழுத்துக்கொண்டு றோட்டோர வேம்பின் கீழ் போய் இருந்தாள். கூட்டம் முழுவதும் பின்னால் வந்ததென்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் வந்தது பாதிதான். மற்றவர்களுக்குச் சோடா இருந்தது. பரமலிங்கம்கூடக் கடைசியாகத்தான் வந்தார். "சோடா முடிஞ்சுது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வேம்பின் வேரொன்றில் குந்தினார்.

வேம்படியில் மாலுமியின் கதைக்கு முடிவு தைத்தார்கள். அவன் கடலில் குதித்து நீந்திக் கரையேறினான். கரையில் ஒரு சின்னக் குதிரை நின்றது. அடுத்த கிழமை அனலைதீவு வேறொரு முடிவு தைத்தது, நயினாதீவு இன்னொன்று. நாகமுத்துவின் பஸ்ஸில் மாலுமி ஏழு விதமாகத் தப்பினான். யாரும் இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருக்கவில்லை.

கொம்பனிக்கு இது பிடிக்கவில்லை. கதை தங்களுடைய சொத்து, அதில் கைவைக்க ஒருவருக்கும் உரிமையில்லை, தைத்த புத்தகத்தோடு வருகிறவர்களுக்கு வாசிகசாலை முற்றத்தில் இடமில்லை என்று வல்லிபுரத்தார் மூலம் சொல்லியனுப்பியது. வல்லிபுரத்தார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். ஓடு பாதி போட்டாயிற்று.

முற்றம் போனால் கூட்டம் போகும். அது சறோஜினிதேவிக்கு நன்றாகத் தெரியும். எரிந்த கடைக்குப் பிறகு தன் கையால் கட்டியெழுப்பியது அது ஒன்றுதான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"விட்டிடுமன், இஞ்சாரும்" என்றார் பரமலிங்கம். "கடையை எரிச்சவங்களிட்டைப் போய் என்ன சண்டை பிடிச்சனாங்கள்?"

"அண்டைக்குப் பிடிக்க ஏலாமல் போச்சு. இண்டைக்கு ஏலும்" என்றாள் அவள்.

புரட்டாதிப் பூரணைக்கு மண்கும்பான் கடற்கரைக்கு வரச் சொல்லி நாகமுத்துவிடம் சொல்லிவிட்டாள். அங்கே கயிறு கட்ட மரமில்லை, வாசல் வைக்கச் சுவரில்லை. மணல்தான் கிடந்தது, வேண்டிய மட்டும். காலை வெயில் ஏறுவதற்குள் முன்பு வந்தவர்களெல்லாம் வந்துவிட்டார்கள், சோடாவுக்கு இருந்தவர்களும் சேர்த்து. வாசிகசாலை முற்றத்தில் கதிரைகள் மட்டும் இருந்ததாகக் கேள்வி.

இராசநாயகம் வானை எடுத்துக்கொண்டு தேடி வந்தார். மண்கும்பான் மணலைத் தெரிந்தவன் எவனும் வானை அதற்குள் விடமாட்டான். அவர் விட்டார். அச்சு முட்டப் புதைந்துவிட்டது. பஸ் தள்ளிப் பழகிய நாகமுத்து முன்னுக்கு நிற்க, எல்லாரும் சேர்ந்து வானைத் தள்ளி றோட்டில் ஏற்றினார்கள். சண்டை வேறு, இது வேறு. வியர்வையைத் துடைத்துக்கொண்டு இராசநாயகம் திரும்பி மணலில் இறங்கி வந்தார்.

"அக்கா, நீங்கள் செய்யிறது நியாயமில்லை. நான் கொஞ்சம் இருந்து கதைக்கலாமோ?"

"ஆரும் இருக்கலாம் தம்பி. ஒரு புத்தகத்தோடை வர வேணும்."

வானுக்குப் போய் இரண்டாம் பாகத்தின் புதுப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். மாலுமியைக் கயிற்றில் கட்டி ஆழமான கிடங்கொன்றுக்குள் இறக்கியிருந்தார்கள். மிச்சம் மூன்றாம் பாகத்தில்.

"இதுவும் குறை. பறவாயில்லை, இரும். முடிவை நீரே கீறும். இன்னாசித்தம்பியர் பென்சில் தருவார்."

இன்னாசித்தம்பி பென்சிலை நீட்டினார். அதை இராசநாயகம் வாங்கவில்லை. சப்பாத்துக்குள் போன மணலோடு நின்றுகொண்டு, "எனக்கு அந்த உரிமை இல்லையக்கா. முதலாளியைக் கேக்க வேணும்" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சறோஜினிதேவிக்குக் கூட அந்த மனிதரைப் பார்க்கக் கவலையாக இருந்தது. கவலை கோபத்தைக் குறைக்கவில்லை.

"உம்மடை கையிலை இருக்கிற கதைக்கு முடிவு சொல்ல நீர் ஒருத்தரைக் கேக்க வேணும்" என்றாள். "நாங்கள் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. அதை முதலாளியிட்டைச் சொல்லும்."

ஊசியில் நூலைக் கோத்தாள். புத்தகத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

"சொல்லுங்கோ பாப்பம். இவன் தப்புறானோ, இல்லையோ?"

"தப்புறான்!" என்று கடற்கரை முழுவதும் கத்தியது. அதில் பெரிய சத்தம் பரமலிங்கத்தினுடையது. கடை எரிந்த நாளிலிருந்து அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை.