ஒகுமு வீட்டு ஜன்னல்

கென்யாவில், யாலா சந்தையின் தகரக் கடையொன்றில் இருபத்திரண்டு வருடமாகத் திரைச்சீலை தைக்கிறாள் அகேயோ. பிறந்த ஊர் அலேகோ என்பதால் எல்லோருக்கும் அவள் நியார் அலேகோ, அலேகோக்காரி. நான் பக்கத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் வாடகை வீட்டு ஜன்னலில் தொங்குவதும் அவள் தைத்ததுதான்.

யார் துணி கேட்டு வந்தாலும், "மொதல்ல வீட்டக் காட்டு, அப்பறம் துணியக் காட்டுறேன்" என்பாள். கூரை தாழ்வென்றால் கம்பியை உச்சியில் மாட்டச் சொல்வாள். ஜன்னல் ஒடுக்கமென்றால் இருபுறமும் ஒரு சாண் கம்பி நீள வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்குப் பின்பக்கம் வெள்ளை லைனிங் துணி இல்லாமல் தைக்கவே மாட்டாள்.

புருஷன் இறந்துவிட்டான். ஒரே மகன் ஒகுமு நைரோபியில். நாலு வருடம் முன்பு அவள் முற்றத்துக்கு எதிரிலேயே ஒரு வீடு கட்டினான். பெரிய கண்ணாடி ஜன்னல்கள், சாம்பல் நிறத் தரை. ஆனால் அதில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. டிசம்பரில் பெண்டாட்டி லவண்டாவோடு வருவான், மீனும் உகாலிக் களியும் சாப்பிடுவான், சாயங்காலம் கிசுமுவில் லாட்ஜுக்குக் கிளம்பிவிடுவான்.

"ஜன்னல்ல ஒண்ணுமே இல்லம்மா. ஊரே உள்ள பாக்குது. இவளுக்குத் தூக்கம் வராது."

நானே தைக்கிறேன் என்று அகேயோ சொல்லும்போதெல்லாம், நைரோபியில் பார்த்துக்கொள்கிறோம் என்று லவண்டா தட்டிக்கழிப்பாள். போன நவம்பரில் அவளே போனில் ஒரு படம் அனுப்பினாள். பூவில்லாத வெறும் சாம்பல் நிறத் திரை. கூடவே குரல்: "இப்பிடித் தச்சு வையுங்கம்மா. இந்தத் தடவ ஒரு வாரம் தங்குறோம்."

அகேயோ அதை எனக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினாள்.

"சாம்பலாமே! வாத்தியாரே, இது என்ன சாவு வீடா?" தங்கப்பூ போட்ட மெரூன் துணியை மடியில் விரித்து இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அதைச் சுருட்டி மேலே போட்டாள். "தரை சாம்பல், செவுரு வெள்ள. என் பூவ மாட்டினா கல்யாணப் பந்தலாட்டம் இருக்கும். அவ சொல்றதுதான் சரி."

கூடத்தை அளந்துவிட்டாள். படுக்கையறையில்தான் சிக்கல். கல்யாணமான மகனின் படுக்கையறை வாசலைத் தாய் தாண்டக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது என்பது ஊர் வழக்கம். பெயின்ட் டப்பா மேல் ஏறி, உள்ளே கண் போகாமல், வெளியிலிருந்தே கண்ணாடியை அளந்தாள். நீளத்துக்குக் கூடத்து அளவு.

"நான் உள்ள போய் ஒருதடவ பாத்துட்டு வரவா?"

"ஜன்னல் ஜன்னல்தான? நீ போய் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடு."

யாருக்கும் வீட்டைப் பார்க்காமல் வெட்டாதவள், மகனுக்கு மட்டும் பார்க்காமல் வெட்டினாள்.

மாட்டப் போனவன் நான். ஜன்னலை அடைத்துக்கொண்டு கனத்த மரக்கட்டில் கிடந்தது. தரை வரை தொங்கும் திரையின் பாதி அதன் தலைமாட்டுக்குப் பின்னால்தான் போகும். என் ஒருவனால் கட்டிலை அசைக்க முடியவில்லை. எப்படியோ திணித்துவிட்டேன்.

கூடத்திலிருந்து அவள் குரல்: "தரையத் தொடுதா?"

"தொடுது."

"மடிப்பு நேரா விழுதா?"

"விழுது."

கட்டிலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வெட்டியாகிவிட்டது, இனி சொல்லி அவளைக் கலங்கடிப்பானேன் என்று நினைத்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். தங்கினார்கள். ஞாயிறு காலை அகேயோ தன் முற்றத்தில் டீக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். எதிர் வீட்டுக்குள்ளிருந்து சத்தம்.

"இழுங்க ஒகுமு!"

"இழுத்தா கம்பியே கையோட வந்துரும்டி!"

லவண்டா வெளியே வந்தாள். "கர்ட்டன் ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா கட்டிலுக்குப் பின்னால சிக்கிக்கிச்சு, தொறக்கவே மாட்டேங்குது. கட்டில நகத்தினா அலமாரிக் கதவு இடிக்குது."

அகேயோ என்னைப் பார்த்தாள். "மாட்டும்போதே பாத்தியா நீ?"

"பாத்தேன்."

டீயை ஊற்றினாள். பிறகு மகனிடம், "கழட்டிக் குடுடா. அரை மணி நேரத்துல குட்டையாக்கித் தர்றேன்."

"விடும்மா. இருட்டா இருந்தா நல்லாத் தூக்கம் வருது."

நாலு ராத்திரி தூங்கினார்கள். ஐந்தாம் நாள் ஆபீசிலிருந்து போன் வந்தது, கிளம்பிவிட்டார்கள். கூடத்துத் திரைகளை லவண்டா ஒதுக்கிக் கட்டிவிட்டுப் போனாள். படுக்கையறைத் திரை மூடியபடியே நின்றது.

மறுவாரம் போனேன். அகேயோ முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். எதிர் ஜன்னலில் லைனிங்கின் வெள்ளை முதுகு மட்டும் தெரிந்தது.

"சாவியக் குடுங்க. நான் கழட்டிட்டு வரேன், இப்பவாவது சரி பண்ணிடலாம்."

"வேணாம்." விளக்குமாற்றைத் தாழ்த்திப் பிடித்தாள். "மூடியிருந்தா உள்ள தூங்குறாங்கன்னு இருக்கு. மெதுவாப் பேசு."

அந்த ஜன்னலுக்குக் கீழே வந்ததும், சருகு சத்தம் போடாதபடி, குனிந்து கையால் பொறுக்கினாள்.