நிருபமா தீதி மாற்றாத தேதி

குடியேற்ற அலுவலகத்தின் ஏழாவது மாடியில் காத்திருந்தபோது மதிய லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் லுத்பர் எங்கே தொழுவது என்று தெரியாமல் தவித்தார். மொழிபெயர்க்க எங்களோடு வந்திருந்தவர் நிருபமா தீதி; தீதி என்றால் எங்கள் பாஷையில் அக்கா. தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சுவரோரம் தரையில் விரித்தார். யாரும் குறுக்கே போகாதபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தொழுது முடித்ததும் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் எங்கள் வங்காளத்துப் பரிசால் பக்கத்து இந்துப் பெண்மணி.

புரூக்ளினில் எங்கள் மெக்டொனால்ட் அவென்யூவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை. காலையில் நோயாளிகளைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டும் வேலை. மதியத்துக்கு மேல், கறிக்கடை மாடியில் இருந்த சட்ட உதவிச் சங்கத்தில் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பு. கூலி கிடைக்காத சமையல்காரருக்கும், போலீஸ் பிடித்த டாக்சிக்காரருக்கும் அவர்தான் வாய். பையில் எப்போதும் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த பொரி இருக்கும். “காத்திருக்கிறதுக்குப் பட்டம் குடுத்தா நான் எப்பவோ டாக்டர் ஆகியிருப்பேன், பாபி” என்பார்; என்னை அண்ணி முறை சொல்லி அப்படித்தான் கூப்பிடுவார்.

நாங்கள் அந்த ஏழாவது மாடிக்குப் போன வருஷம்தான் குடியுரிமை இல்லாத எங்கள் நாட்டு ஆண்கள் எல்லோரும் நேரில் வந்து பெயர் பதிய வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. போனவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. லுத்பருக்கு விசா முடிந்திருந்தது. ஆனால் குடியுரிமை வாங்கிய அவர் அண்ணன் போட்ட மனு நிலுவையில் இருந்தது. அதற்கு முடிவு வரும்வரை அவரை விட்டுவைக்கச் சொல்லிச் சங்கத்து வக்கீலம்மா கேட்பதாக ஏற்பாடு.

“போகாம இருந்துட்டா என்ன, தீதி?” என்று கேட்டேன்.

“ஒளிஞ்சவன்னு பேரு வாங்கணுமா? சட்டத்துல நமக்கும் எடம் இருக்கு பாபி. உண்மையைச் சொல்லிட்டு வருவோம்.”

அன்று அலுவலகத்துக்கு உள்ளே நடந்ததை லுத்பர் பிறகு சிறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குச் சொன்னார். அவரும் தீதியும் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள். அதிகாரி வழக்கப்படி பிறந்த தேதியைக் கேட்டார். இறைவன் பெயரால் சத்தியம் செய்த வாயால் எப்படிப் பொய் சொல்வது?

“பாஸ்போர்ட்ல இருக்கிறது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி, சார். நான் பெரும்புயல் அடிச்ச வருஷம் பொறந்தவன். மூணு வயசு கூட.”

எங்கள் ஊரில் ஹெட்மாஸ்டர் எல்லாப் பிள்ளைக்கும் வயதைக் குறைத்துத்தான் எழுதுவார், பின்னால் சர்க்கார் வேலைக்கு ஆகும் என்று. என் வயதும் அப்படித்தான்.

வக்கீலம்மாவுக்கு வங்காளம் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. தீதி பாஸ்போர்ட் தேதியைச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு பிஸ்மில்லா சொல்லும் நேரம் தீதி வாயைத் திறக்கவில்லையாம். பிறகு லுத்பர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

விசா தாள்களில் பொய்த் தேதி போட்டுக் கையெழுத்திட்டவர், இவர் பேச்சு எதையும் நம்ப முடியாது என்று அதிகாரிகள் எழுதினார்கள். அன்று மாலையே லுத்பர் கையில் விலங்கு மாட்டினார்கள்.

மீன்கடை மொஃபிஜ் எல்லோர் முன்னாலும் தீதியைக் கேட்டான்: “நீங்க என்ன, அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா? மூணு வருஷத்தை வாய்க்குள்ளயே வெச்சிருந்தா மூச்சு முட்டிடுமா?”

“உங்க மீன் நாறுது, மொஃபிஜ் பாய். முதல்ல ஐஸைப் போடுங்க” என்றார். மீன் வாங்காமலே போய்விட்டார்.

நானும் இரண்டு வாரம் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். ஆனால் சிறைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், எனக்குப் பாஷை கிடையாது. மூன்றாவது வாரம் அவர் கதவைத் தட்டவில்லை, வாசலில் உட்கார்ந்திருந்தார். சேர்ந்தே போனோம். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போனோம்.

எட்டு மாதம் ஓடியது. தீதி ஹெட்மாஸ்டரிடம் கடிதம் வாங்கினார், இமாமிடம் வாங்கினார், மேல்முறையீட்டுக்கு வக்கீலம்மாவோடு அலைந்தார். சர்க்காரிடமிருந்து வந்த கடிதம் எல்லாம் ‘இல்லை’ என்றே வந்தது. ஒவ்வொன்றையும் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் படித்துச் சொன்னார். ரமலான் பிறக்கும் முன் லுத்பரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் சொல்லக்கூட இல்லை.

நானும் மகளும் ஊருக்குத் திரும்பிய நாளில் தீதி விமான நிலையம் வரை வந்தார். போலீஸ்காரர் உள்ளே போகச் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“பாபி, அன்னிக்கு நான் தேதியை மாத்திச் சொல்லியிருக்கணுமா? இப்ப சொல்லாதீங்க. ஊருக்குப் போய் லுத்பர் பாயைக் கேட்டுட்டு எழுதுங்க. நாளைக்குக் காலையில இன்னொருத்தரைக் கூட்டிட்டு நான் அதே மாடிக்குப் போகணும்.”