நூறு வெள்ளி வெட்டு

நாடாளுமன்றத்தில் என் வேலை, அடுத்தவர் வாயாக இருப்பது. உறுப்பினர் தமிழில் பேசினால், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கூடவே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்பேன். இப்படிப் பல தடவை வழக்கறிஞராகவும், ஒரு தடவை மூன்று பிள்ளைகளின் தகப்பனாகவும் இருந்திருக்கிறேன்.

ஆனால் தமிழில் அதிகம் பேசமாட்டார்கள். வணக்கம் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அந்த வணக்கத்தை மொழிபெயர்த்துவிட்டு நான் மறுபடி காத்திருப்பேன். எழுந்தும் போக முடியாது, யார் எப்போது தமிழில் ஆரம்பிப்பார் என்று தெரியாதே. முன்பு அறையில் இரண்டு பேர் இருந்தோம். உடன் இருந்த அக்கா ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. கழிவறைக்குப் போவதென்றால்கூடத் தேநீர் இடைவேளை வரை பொறுக்க வேண்டும்.

வரவு செலவு விவாதத்துக்கு முந்திய வாரம் ஒரு பட்டியல் வந்தது. மன்றத்தை நடத்த ஆகும் செலவையும் மன்றமேதான் நிறைவேற்ற வேண்டும். மின்விளக்கு, காவலர், குறிப்பெடுப்பவர், நான், எல்லாம் அதில் அடக்கம். ஒரு செலவைப் பற்றிப் பேச விரும்பும் உறுப்பினர், அதில் நூறு வெள்ளி, அதாவது நூறு டாலர், குறைக்க வேண்டும் என்று முன்மொழிவார். அதற்கு வெட்டு என்று பெயர். உண்மையில் யாரும் எதையும் குறைப்பதில்லை. பேசுவார்கள், அமைச்சர் பதில் சொன்னதும் நன்றி சொல்லி, முன்மொழிந்ததை மீட்டுக்கொள்வார்கள்.

பட்டியலில் தமிழ் உறுப்பினர் ஒருவர் கொடுத்திருந்த வெட்டின் தலைப்பு, ‘தமிழ் மொழிபெயர்ப்பு ஊழியர்’. அப்படி இருந்த ஒரே ஊழியர் நான்தான். போதாக்குறைக்கு என் ஒப்பந்தமும் அந்த ஆண்டுதான் முடிய இருந்தது.

தோ பாயோவில் உள்ள எங்கள் வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

“நூறு வெள்ளிதானே, நான் குடுத்துடறேன் லா.”

“காசு இல்லங்க. என் வேலையே போயிடும்.”

“அவரு உனக்கு சப்போர்ட்டா பேசப் போறாரோ என்னமோ.”

“இத்தன வருஷத்துல யாராவது எனக்கு சப்போர்ட்டா பேசி நான் டிரான்ஸ்லேட் பண்ணியிருக்கேனா?”

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கும்போது அந்த உறுப்பினரையே பார்த்தேன். என்ன பேசப்போகிறார் என்று கேட்டுவிடலாமா என்று கத்திரிக்காய்க் குவியலருகே கால்மணி நேரம் நின்றேன். ஊழியர்கள் உறுப்பினர்களிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. இரண்டு கிலோ கத்திரிக்காயோடு வீடு திரும்பினேன்.

அந்த நாளும் வந்தது. அவர் எழுந்து, நூறு வெள்ளி குறைக்க வேண்டும் என்று தமிழில் முன்மொழிந்தார். நானும் ஆங்கிலத்தில் முன்மொழிந்தேன். “அந்தக் கண்ணாடி அறையில் ஒருவர் இருக்கிறார். வருடத்தில் எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று இங்கே யாருக்காவது தெரியுமா?” என்றார். நானும் கேட்டேன். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. அவமானமாக இருந்தது. ஆனால் அவமானப்படுவதற்கு நேரமில்லை, அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

பதில் சொன்ன அமைச்சர், “தேவையைப் பரிசீலிப்போம்” என்று ஆங்கிலத்தில் முடித்தார். அலுவலகத்தில் பரிசீலிக்கப்பட்ட நாற்காலி எதுவும் பிழைத்து நான் பார்த்ததில்லை.

உறுப்பினர் மறுபடி எழுந்தார். “அமைச்சருக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். எத்தனை வெட்டுகளை இப்படி மீட்டிருக்கிறேன். போதும், இத்தோடு விடுங்கள் என்ற தவிப்பு வேறு. அவர் வாயைத் திறப்பதற்குள், “அமைச்சருக்கு நன்றி, என் வெட்டை மீட்டுக்கொள்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டியிருந்த மன்றத் தலைவர், மீட்கப்பட்டது என்று அறிவித்து அடுத்தவரை அழைத்தார். இவர் ஒரு கணம் விழித்துவிட்டு, நேரம் முடிந்ததால் தலைவரே மீட்டுவிட்டார் போலும் என்று உட்கார்ந்துவிட்டார்.

தேநீர் இடைவேளையில் கழிவறைக்குக்கூடப் போகாமல் அவரைத் தேடிப் போனேன்.

“சார், நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க.”

“ஆமாம்மா, ரெண்டு வரி பாக்கி இருந்துச்சு. டைம் முடிஞ்சிருச்சு போல.”

“என்ன வரி சார்?”

“தமிழ் தெரிஞ்ச நாங்க பேசாதது எங்க தப்பு, ஒங்க தப்பு இல்லன்னு. அப்புறம், ஒரே ஆளு அங்க தனியா ஒக்காந்திருக்காங்க, இன்னொருத்தர ஒடனே எடுக்கணும்னு.”

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

“பரவால்லம்மா. அடுத்த வருஷமும் இதே வெட்டு குடுக்குறேன். கண்டிப்பா கேக்குறேன்.”

“ரொம்ப நன்றி சார்.”

“ஆனா இங்கிலீஷ்ல கேக்குறேன்.”