ஊசியக்காவின் முன்பல்

நூலைப் பல்லால் கடித்து அறுக்காத தையல்காரர் எங்காவது உண்டா? கத்தரிக்கோல் மடியிலேயே கிடக்கும், வாய்தான் முந்திக்கொள்ளும். ஊசியக்கா தொழில் பழகிய நாளிலிருந்து அப்படித்தான். கடைசியில் மேல்வரிசை முன்பல் ஒன்று விரிசல் விட்டு, வேரோடு போய்ச் சேர்ந்தது. அவளுக்கு ஊசியக்கா என்ற பெயர் வந்தது தொழிலுக்காகப் பாதி, நாக்குக்காகப் பாதி.

பொய்ப்பல் கட்டிக்கொள்ளச் சொல்லாத ஆளில்லை. பல் மருத்துவக் கல்லூரியிலோ ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ஞானப்பல்லைப் பிடுங்கி, அதற்குள் இருக்கும் கூழிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்து, பல் போன குழியில் வைத்துத் தைப்பார்கள். இன்னதாக ஆவோம் என்று இன்னும் முடிவு செய்யாத செல்கள் அவை. பல்லாக மாறுமா என்பதுதான் கேள்வி. அதுவரை அந்த இடத்தில் எதுவும் படக்கூடாது, பொய்ப்பல்லும் கூடாது.

“ஒட்டுப்போட என் துணியே இருக்கறப்ப வெளித்துணி எதுக்கு?” என்று ஊசியக்கா சேர்ந்து, ஒரு ஞானப்பல்லைக் கொடுத்து, குழியில் தையலும் போட்டுக்கொண்டாள்.

தங்கைதான் குதியாய்க் குதித்தாள். அவள் மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. “ஓட்டைப் பல்லோட போட்டோவுல நிக்கப்போறியா? மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?”

“பெரியம்மாவுக்குப் பல் முளைக்கப்போகுதுன்னு சொல்லு. வயசு குறையுதுன்னு நினைச்சுக்கட்டும்.”

இவ்வளவு பேசியவள்தான் சொதப்பினாள். கல்யாண உடுப்புக்குக் கொக்கி வைத்து முடித்த கையோடு, பழக்கதோஷம், வாய் தானாக நூலுக்குப் போயிற்று. நூல் ஓட்டைக்குள் மாட்டி இழுக்க, ஒரே ரத்தம். ஊசியக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“விட்டது சனி. இனிமேலாவது போய்ப் பொய்ப்பல் கட்டிக்க,” என்றாள் தங்கை.

ஊசியக்கா நேரே கல்லூரிக்குப் போனாள். நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா முகம் வாடிப்போனது. “தையல் பிரிஞ்சிருக்கும்மா. விதிப்படி இனி உங்களை ஆய்வுல வச்சுக்க முடியாது.”

“வச்சுக்க வேணாம். ஆனா உள்ள இருக்கறது என் செல்லுதானே? அது என்ன செய்யுதுன்னு மட்டும் பாருங்க.”

“பல் வரும்னு நான் சொல்லவே மாட்டேன்.”

“நானும் கேக்கலையே.”

டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி தையல் போட்டார்.

கல்யாணத்தன்று போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னதும், தங்கை இடுப்பில் கிள்ளினாள். “வாயை மூடிக்கிட்டுச் சிரி.”

“அது ஓட்டை இல்லடி, வேலை நடக்கற இடம்,” என்று ஊசியக்கா கடைவாய் தெரியச் சிரித்தாள். அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். தங்கை இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறாள்.

சில மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், குழியில் எலும்பு நன்றாக வளர்ந்திருந்தது. பல் மட்டும் வரவில்லை.

“மத்தவங்களுக்கும் இதே கதைதான்,” என்றார் டாக்டரம்மா. “செய்முறையை மாத்தி, புதுசா ஆளுங்களைச் சேர்த்து, முதல்லேருந்து தொடங்கப்போறோம். நீங்க பொய்ப்பல் வச்சுக்கலாம், இந்த எலும்பு நல்லாத் தாங்கும்.”

எவ்வளவு வாய் பேசினாலும் ஏமாற்றம் ஏமாற்றம்தான். ஊசியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கடைவாயை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இன்னும் மூணு ஞானப்பல் இருக்கு. எதைப் பிடுங்கப்போறீங்க?”