அண்ணன் கை படாத பெட்டி

நகத்தால் ஒரு தட்டு. காதருகே கொண்டுபோய் இன்னொரு தட்டு. பிறகு அந்தப் பல் செட்டைத் திருப்பி, ஈறுப் பக்கத்தில் கடைசியாக ஒரு தட்டு. "உள்ள காத்து நிக்குது" என்று சொல்லி, பார்க்க லட்சணமாக இருக்கும் முழு வரிசையையும் குப்பைக்கூடையில் போட்டுவிடுகிறார் பல்லக்கா. பக்கத்தில் நிற்கும் நமக்குத்தான் வயிறு எரிகிறது. அவர் பாட்டுக்குக் கிண்ணத்தைக் கழுவிப் பொடியைக் கலக்க ஆரம்பித்துவிடுகிறார்.

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் அவருக்கு வேலை. எங்கள் குடியிருப்பில் என் வீட்டுக்கு எதிர்வீடு. யாரோ 'பல் அக்கா' என்று ஆரம்பித்துவைக்க, அவசரத்தில் அது பல்லக்கா ஆகிவிட்டது. ஐம்பதை நெருங்குகிறார். புருவத்தில் எந்நேரமும் பிளாஸ்டர் தூசி. தயாராகக் கலந்து வரும் எதையும் தொடமாட்டார். கடைக்காரர் புதுக் கலவை என்று எதையாவது நீட்டினால், "இதுல என்னென்ன போட்டிருக்கான்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன்" என்பார். கடைக்காரருக்குத் தெரியாது. "என்னன்னே தெரியாததை இன்னொருத்தர் வாயில வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் வாங்கிக்கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வருவார்.

இந்தப் பிடிவாதமெல்லாம் கூடத்து வாசலோடு சரி. வீட்டில் எல்லாமே அண்ணன் வைத்ததுதான். கணவர் பிரிந்துபோனபோது உறவினர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ள, கூடவே நின்றவர் அண்ணன். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். தங்கைக்கு லேப்டாப் கொடுத்தார், ஈமெயில் ஆரம்பித்துக் கொடுத்தார், கடவுச்சொற்களையெல்லாம் பூட்டிவைக்க ஒரு மென்பொருளும் போட்டுக் கொடுத்தார். அதைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். "உனக்கு ஞாபகம் இருக்காது பாப்பா." பாப்பாவுக்கு அப்போதே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம்.

போன வருஷம் பல்லக்கா யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். வேறு ஊரில் இருக்கும் பயிற்சி நிலையம் ஒன்றில், பல் செய்யக் கற்றுக்கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பித்தார். பதில் வரவேயில்லை. நமக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார். சில மாதம் கழித்து அந்த நிலையத்து ஆசிரியை ஏதோ வேலையாகக் கூடத்துக்கு வந்தவர், இவரைப் பார்த்து, "நீங்கதானே வரமுடியாதுன்னு எழுதினீங்க? நாங்க உங்களைத்தான் முடிவு பண்ணியிருந்தோம்" என்றார். பல்லக்கா எதுவும் எழுதவில்லை. எழுதக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார்.

கேட்டபோது எனக்கே ரத்தம் கொதித்தது. பல்லக்கா சத்தம் போடவில்லை. "இந்த வருஷமும் எடம் இருக்காம். மறுபடியும் போட்டிருக்கேன். இந்த மாசம் பதில் வரும்" என்றார். "வர்றதுக்குள்ள அந்த மெயில் பெட்டி என்னோடதா இருக்கணும்."

முதல் வேலையாக அண்ணன் போட்டுத்தந்த எல்லாவற்றையும் லேப்டாப்பிலிருந்து துடைத்து எடுத்தார். இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றை ஏற்றினார். அடுத்து, கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கத் தனக்கென ஒரு பெட்டக மென்பொருள். அதைத் தன்னார்வலர்கள் எழுதி, மூல நிரலை ஊரறியத் திறந்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கணினியிலேயே மென்பொருளாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டியதாகவே வேண்டும் என்றாலும் கிடைக்கிறது. ஒரு சொடுக்கில் இறங்கிவிடும். நானும் சொல்லிப் பார்த்தேன். "தயாரா கெடைச்சதுலதான் இத்தனை வருஷம் இருந்தேன்" என்றார்.

அந்த நிரலைப் படித்தால் அவருக்குப் புரியுமா? கேட்டேன். "ஒரு எழுத்துகூடப் புரியாது. ஆனா புரியறவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டே இருக்காங்க. அண்ணன் ஒருத்தர் மட்டும் பார்க்கற விஷயம் இல்ல, அது போதும்." என் கடவுச்சொல் என் பிறந்த தேதி. அதை அவரிடம் சொல்லவில்லை.

கட்டுமானம் லேசில் நடக்கவில்லை. வழிகாட்டிப் பக்கத்தில் சொன்னபடி கட்டளையைத் தட்டினால், இந்தத் துணைநிரல் இல்லை என்று திரை முறைக்கும். அதைக் கொண்டுவந்து கொடுத்தால் இன்னொன்று இல்லை என்னும். கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டது. வெறும் எச்சரிக்கையைப் பிழை என்று நினைத்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை இவரே நிறுத்திவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தார். "கேக்கறதைக் குடுத்துட்டா அதுக்கு வேற வழி இல்ல, வேலை செஞ்சுதான் ஆகணும்" என்று மறுபடி உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மதியம் எல்லாம் கைகூடி வந்தது. தன் கைபேசியில் திறந்தே இருந்த மின்னஞ்சல் கணக்கிலிருந்து அண்ணனுடைய எண்ணைக் காலையிலேயே நீக்கித் தன் எண்ணைப் போட்டுவிட்டார். கடவுச்சொல்லை மாற்றுவதுதான் பாக்கி. அது பெட்டகம் தயாரானதும். கட்டளை ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் எழுத்துகள் வரிவரியாக மேலேறிப் போயின. நான் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்தது.

"பாப்பா, உன் மெயில்ல இருந்து என் நம்பர் போயிருக்கு. யாரோ உள்ள புகுந்துட்டாங்க." அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். திரையைப் பார்த்தார். எழுத்துகள் ஓடுவதைப் பார்த்தார். யாரும் வாய் திறப்பதற்குள் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார். பாட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப் அது. உடனே அணைந்தது.

"நல்லவேளை, வந்தேன்" என்றார்.

"யாரும் புகல. நான்தான் எடுத்தேன்" என்றார் பல்லக்கா.

"நீயா? ஏன்?"

"ட்ரெய்னிங் டீச்சர் வந்திருந்தாங்க. நான் வரமாட்டேன்னு எழுதினேனாம்."

அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையிலிருந்த கம்பியைச் சுருட்டினார், பிரித்தார். "தெரியாத ஊர். தனியா என்ன செய்வே? உன் நல்லதுக்குத்தான் பாப்பா."

"இருக்கட்டும். இனிமே என் நல்லதுக்கு நானே பதில் எழுதிக்கறேன்." அவர் கையிலிருந்து கம்பியை வாங்கிச் செருகினார்.

"நின்னுபோச்சே. மொதல்ல இருந்து செய்யணுமா?" என்றேன் நான், பேச்சை மாற்றுவதற்காக.

"பாதியில நின்னதை மட்டும் தூக்கிப் போடணும். முடிஞ்சது முடிஞ்சதுதான்." அப்படியே செய்தார். அரைகுறையாக நின்ற ஒரு கோப்பை அழித்துவிட்டு அதே கட்டளையைத் தட்டினார். விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது. பிறகு சோதனைகளை ஓடவிட்டார், ஒன்றுவிடாமல் தேறின. நிறுவினார். சின்னச் சாளரம் ஒன்று திறந்து, முதன்மைக் கடவுச்சொல்லை வைக்கச் சொன்னது.

அண்ணன் பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "ஸ்ட்ராங்கா வை. எனக்கும் ஒரு தடவை சொல்லிடு, ஒரு அவசரத்துக்கு."

பல்லக்கா விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கண்ணா."

அவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து ஜன்னலருகே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். விசைச் சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து நாற்காலி பின்னால் நகர்ந்தது. அண்ணன் வந்து என் பக்கத்தில் நின்றார். எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி காயப்போடுவதை இருவரும் பார்த்தோம்.

அப்புறம்தான் விசைகள் தட்டப்பட்டன. நீளமான சொல். நடுவில் ஒருமுறை சத்தம் நின்றது. அண்ணனுடைய தோள் லேசாகத் திரும்பியது.

"இன்னும் முடியலண்ணா" என்றார் பல்லக்கா.

தோள் மறுபடி ஜன்னலுக்கு வந்தது.