நட்சத்திரம் உதிர்ந்த சொல்

ஹைல்விக் பிராண்டஸ் காலையில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரப் பேருந்தை ஓட்டுவாள். மதியத்துக்குமேல் எங்கள் மொழியியல் நூலகத்தில் என் எதிர் மேசைக்கு வந்துவிடுவாள். ஐம்பது வயதுக்குமேல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். அவள் ஆராய்ந்தது ஒரே ஒரு வினைச்சொல்லை: அந்தியில் மாடுகளைக் குரல்கொடுத்து வீட்டுக்கு அழைப்பதைக் குறிக்கும் சொல். ஆதி ஜெர்மானியர் அதைச் சொல்லியிருக்க வேண்டும், எழுதிவைத்தவர் எவருமில்லை. பின்னால் வந்த கிளைமொழிகளை ஒப்பிட்டு ஊகிக்கிறோம். ஊகம் என்பது தெரிய, சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவோம். எங்கள் தொழிலின் நாணயமே அந்தக் குறிதான்.

அவளுக்குச் சாட்சி மூன்று கிளைமொழிகள்: வடக்கின் நோர்ஸ், மேற்கின் பழைய ஆங்கிலம், பிறகு கோத்திக். கிழக்கே பிரிந்துபோன கோத்திக்கிலும் இருந்ததால், அது எல்லா ஜெர்மானியருக்கும் பொதுச்சொல் என்று ஆய்வேட்டின் தலைப்பிலேயே எழுதியிருந்தாள்.

சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கையில், எங்களோடு வேலை செய்யும், வடகடலோர ஃபிரீசியக்காரன் ஒக்கே தாடன் காபிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"ஹைல்விக், திட்டாம கேளு. உன் கோத்திக் சொல்லு எந்தச் சுவடியிலயும் இல்ல."

"ரெண்டு அகராதில இருக்கே!"

"ரெண்டும் ஒரே பழைய புத்தகத்தப் பாத்து எழுதினது. அதோட முதல் பதிப்புல நட்சத்திரம் இருக்கு. மறுபதிப்புல விழுந்துபோச்சு. உன் சாட்சியே ஒரு ஊகம்தாம்மா."

அவள் முதல் பதிப்பை எடுத்துப் பார்த்தாள். குறி இருந்தது.

"அடப்பாவி, ஒரு வாரம் கழிச்சு வந்து சொல்லக் கூடாதா?"

"நான் வேணா வாயே திறக்க மாட்டேன். பேராசிரியருக்கும் இது தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"அப்போ ரிவர்ஸ் எடு. பஸ்ஸயே எடுக்கிறவ."

அவள் சிரித்துவிட்டாள். அன்றே பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். சமர்ப்பிப்பு இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போனது. கோடை முழுக்கப் பேருந்தும் ஓட்டி, ஆய்வேட்டையும் திருத்தினாள். சொல் வடக்கிலும் மேற்கிலும் இருந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று முடிவு சுருங்கியது, தலைப்பும் சுருங்கியது.

பட்டம் உறுதியான நாளில், இங்குள்ள வழக்கப்படி, ஜோடித்த கைவண்டியில் அவளை உட்காரவைத்துச் சதுக்கத்துக்கு இழுத்துப்போனோம். நீரூற்றின் மேல் ஏறி, அங்கே சிலையாக நிற்கும் வாத்துக்காரச் சிறுமியின் வெண்கலக் கன்னத்தில் முத்தமிட்டு இறங்கினாள்.

"பஸ்காரி பஸ் கனம் கனக்கிறா," என்று மூச்சு வாங்கினான் ஒக்கே.

அவள் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை விரித்து நீட்டினாள். அந்த மாதிரிப் பக்கங்களை நான் அதிகம் நம்புவதில்லை, இதை நம்பினேன். முதல் வரி: 'என் சொல்லைச் சிறிதாக்கி, அதை நம்பத் தகுந்ததாக்கிய ஒக்கே தாடனுக்கு.'

"என் பேருக்கு முன்னால நட்சத்திரம் போடலயா?" என்றான் அவன்.

"எதுக்கு? நீதான் கண்ணு முன்னால நிக்கிறியே."